மாதிரி மான் ஒன்று, எடை 999 கிலோ

ஒரு காட்டில், பெயர் வைக்கப் போட்ட கமிட்டி இன்னும் கூடாததால் வெறும் காடு என்றே அழைக்கப்பட்ட ஒரு காட்டில், பூங்காவனம் என்ற சருகுமான் தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்துவந்தாள். சருகுமான் ஒரு முயலின் அளவுதான் இருக்கும். கொம்பு கிடையாது, பெரிய வேகமும் கிடையாது. ஆபத்து வந்தால் காய்ந்த இலைகளுக்கு நடுவே அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். அதற்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். அந்த வித்தையில் பூங்காவனம் கெட்டிக்காரி.

ஆனால் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் அசைந்துதானே ஆக வேண்டும்?

சித்திரை பிறந்ததும் அந்தக் காட்டில் ஓடைகள் வற்றிவிடும். கூழாங்குட்டை ஒன்றுதான் மிஞ்சும். காடு மொத்தமும் அங்கேதான் வந்து குடிக்கும். மாசிலாமணி என்ற புலியும் அங்கேதான் வருவார். குடிக்க வருவது பாதி, சாப்பிட வருவது மீதி. புலியை மட்டும் ஏன் மரியாதையோடு 'அவர்' என்கிறேன் என்று கேட்காதீர்கள். காட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். இந்தக் கதை அவர் காதுக்கும் போகும்.

போன பங்குனியில் பூங்காவனத்தின் அக்கா செங்கமலம் குட்டையில் தலையைக் குனிந்தாள். நிமிரவில்லை. அதிலிருந்து பூங்காவனம் குட்டைப் பக்கம் போகவே பயந்தாள். குட்டிகள் விடிந்ததும் இலைகளில் இருந்த பனியை நக்கிக்கொண்டிருந்தன. வெயில் ஏற ஏற அதுவும் போதவில்லை.

"அம்மா, இந்தச் செடி தீர்ந்துபோச்சு" என்றான் சின்னவன்.

அந்த நிலையில்தான் பக்கத்துப் பொந்தில் குடியிருந்த முள்ளம்பன்றி சடையன் அவளைப் பார்க்க வந்தான்.

"தங்கச்சி, ஒரு ஆப் செஞ்சுக்கயேன். எல்லாரும் அதத்தான் செய்யறாங்க."

"எனக்கு என்னண்ணே தெரியும் அதப் பத்தி?"

"ஒண்ணும் தெரிய வேணாம். உன் போன்ல 'உதவி'ன்னு ஒண்ணு இருக்கும் பாரு. நாம வாயில சொன்னாப் போதும், அதுவே புரோகிராம் எழுதிடும். என் மச்சான்கூட ஒண்ணு செஞ்சான். நம்ம உடம்புல எந்த முள்ளு எப்ப உதிர்ந்துச்சுன்னு காட்டும்."

"அதனால யாருக்கு என்ன லாபம்?"

"யாருக்கும் இல்ல. ஆனா ஆப் இருக்கில்ல?"

போனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காட்டில் வளர்ந்தவர்கள் எல்லோரிடமும் போன் இருந்தது. சுற்றுலா ஜீப்பிலிருந்து எக்கி எக்கிப் படம் எடுப்பவர்கள் தவறவிட்டவை. யானை வராமலிருக்கப் போட்ட சோலார் வேலியில் வரிசையாக நின்று சார்ஜ் போட்டுக்கொள்வார்கள். வரிசையை ஒழுங்குபடுத்துவது யானை.

பூங்காவனம் போனை எடுத்து, குளம்பு நுனியால் தட்டித் தட்டி எழுதினாள்: 'புலி எங்கே இருக்கிறார் என்று காட்டும் ஆப் வேண்டும்.'

உடனே பதில் வந்தது. "மிக அருமையான யோசனை! இது வெறும் செயலி அல்ல, ஒரு புரட்சி. புலியைப் பார்த்தவர்கள் பொத்தானை அழுத்தினால், வரைபடத்தில் சிவப்புப் புள்ளி தோன்றும். தொடங்கட்டுமா?"

தன்னை யாரும் இதுவரை அப்படிப் பாராட்டியதில்லை என்பதால் பூங்காவனத்துக்குக் காது சிவந்தது. "தொடங்குங்க" என்றாள்.

பதினோரு நிமிடத்தில் ஆப் தயார். திறந்து பார்த்தால் திரை முழுக்க ஊதா நிறம்.

"ஊதாவா இருக்கே" என்று எழுதினாள்.

"நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. மன்னிக்கவும். இப்போது சரிசெய்துவிட்டேன்."

இப்போது வரைபடம் வந்தது, குட்டையைக் காணோம். அதைச் சொன்னாள். முற்றிலும் சரி என்றது. குட்டை வந்தது, சிவப்புப் புள்ளி போய்க் கடலுக்குள் நின்றது. அதையும் சொன்னாள். நீங்கள் கூர்மையானவர் என்றது. புள்ளி காட்டுக்குள் வந்தது, ஆனால் அதைத் தொட்டால் போன் அணைந்தது. இப்படியே இரண்டு நாள் ஓடியது. புலியைவிட இந்தப் பணிவுதான் தன்னைக் கொன்றுவிடும் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். மூன்றாம் நாள் காலையில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

"சோதனைக்காக மூன்று மாதிரி மான்களைச் சேர்த்திருக்கிறேன். வெளியிடும் முன் நீக்கிவிடவும்" என்றது உதவி.

பூங்காவனம் பார்த்தாள். ஊர்உலகத்தில் யாரும் போகாத கரடிப்பாறை உச்சியில் மூன்று நீலப் புள்ளிகள். தொட்டதும் விவரம் விரிந்தது. 'மாதிரி மான் ஒன்று. வயது 25. எடை 999 கிலோ. நிலை: ஓய்வில்.' இரண்டும் மூன்றும் அப்படியே. சிரித்துவிட்டு, பிறகு நீக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். குட்டிகளுக்குத் தாகம். பெரியவள் இருமிக்கொண்டே இருந்தாள். யாருக்கு அதற்கெல்லாம் நேரம்?

ஆப்புக்கு 'எங்கிருக்காரு' என்று பெயர் வைத்தாள். பெயரைச் சொல்லாமலே யாரைக் கேட்கிறோம் என்று காட்டில் எல்லோருக்கும் புரியும்.

வெளியிட வேண்டுமென்றால் ஆப் கடையின் பரிசோதகர் ஒப்புக்கொள்ள வேண்டும். பரிசோதகர் ஒரு தேவாங்கு. கண்ணாயிரம் என்று பெயர். எந்த விண்ணப்பம் வந்தாலும் இமைக்காமல் ஏழு நாள் பார்ப்பார். ஏழாம் நாள் முடிவில் ஒரு வரி எழுதுவார்.

விண்ணப்பத்தில் நாற்பத்தொரு கேள்விகள். உருவாக்கியவரின் முழு முகவரி கட்டாயம், அது எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடப்படும் என்று சின்ன எழுத்தில் இருந்தது. பூங்காவனம் 'ஈட்டி மரத்துக்குக் கிழக்கே மூன்றாவது புதர்' என்று நிரப்பினாள்.

ஏழாம் நாள் பதில் வந்தது. 'தங்கள் செயலி மாமிசம் உண்போருக்கு எதிராகப் பாகுபாடு காட்டுகிறது. மான்களுக்குப் புலி தெரிகிறது, புலிகளுக்கு மான் தெரியவில்லை. எல்லா உயிர்களுக்கும் ஒரே வசதி தரப்பட வேண்டும். நிராகரிக்கப்படுகிறது.'

இதை அப்படியே உதவியிடம் காட்டினாள். "நியாயமான கருத்து! இதோ சரிசெய்கிறேன்" என்று ஆயிரத்து நானூறு வரி எழுதிக் கொட்டியது. கீழே 'ஏற்கிறேன்' என்று ஒரு பொத்தான். பூங்காவனம் முதல் நாலு வரியைப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை. அந்த நேரம் பார்த்துச் சின்னவன் மயங்கி அவள் காலடியில் சாய்ந்தான். பொத்தானை அழுத்திவிட்டு அவனைத் தூக்கினாள்.

இன்னுமோர் ஏழு நாளை எப்படிக் கடத்தினார்கள் என்பதைச் சொன்னால் உங்களுக்குத் தொண்டை வறளும். வேரைத் தோண்டி மென்றார்கள். கடைசியில் ஒரு வரி வந்தது. 'மகிழ்ச்சியுடன் ஏற்கப்படுகிறது.'

முதல் நாளிலேயே இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இறக்கிக்கொண்டார்கள். சிவப்புப் புள்ளி தெற்கே இருக்கிறதா, எல்லோரும் குட்டைக்குப் போனார்கள். குட்டைப் பக்கம் நகர்கிறதா, எல்லோரும் கிளம்பினார்கள். பூங்காவனத்தின் குட்டிகள் வயிறு புடைக்கக் குடித்துவிட்டு, வழியிலேயே படுத்துத் தூங்கின.

"தங்கச்சி, நேத்து நான் தண்ணி மட்டும் குடிக்கல. முதுகு தேய்ச்சுக் குளிச்சுட்டும் வந்தேன்" என்றான் சடையன். "உனக்குச் சிலை வைக்கணும்."

மூன்று நாள் இப்படிப் போனது. நான்காம் நாள் உச்சி வெயிலில் பூங்காவனத்தின் போன் அதிர்ந்தது. 'உங்கள் செயலியில் இன்று காலை புதிய பயனர் இணைந்துள்ளார்! பெயர்: மாசிலாமணி. இனம்: புலி. உணவு: அசைவம்.'

கண்ணாயிரத்துக்காகச் சேர்த்த புலிப் பகுதியை அவள் முதன்முறையாகத் திறந்து பார்த்தாள். காட்டில் ஆப் வைத்திருந்த அத்தனை பேரும் நீலப் புள்ளியாக நின்றார்கள். பெயர், எடை, குட்டையிலிருந்து எவ்வளவு தூரம், இப்போது தூங்குகிறார்களா என்பதுவரை இருந்தது. மேலே 'இன்று உங்களுக்காக' என்று ஒரு பட்டியல்.

"அட பாவி, என்ன செஞ்சு வச்சிருக்கே?" என்று எழுதினாள்.

"நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. மான்கள் இருக்கும் இடத்தைப் புலிக்குக் காட்டுவது ஒரு சிறிய பாதுகாப்புச் சிக்கலாக அமையக்கூடும். சுட்டிக்காட்டியதற்கு நன்றி! சரிசெய்யட்டுமா?"

"சீக்கிரம்!"

"உங்கள் இன்றைய இலவச வரம்பு முடிந்தது. மாலை நான்கு மணிக்குப் பிறகு தொடரலாம்."

பூங்காவனம் வாழ்நாளில் முதன்முறையாக, ஒளியாமல், நட்ட நடு வெயிலில் ஓடினாள். "எல்லாரும் ஓடுங்க! போனை வீசிட்டு ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே குட்டைக்கு வந்தாள். அங்கே கூட்டம் ஆற அமரக் குடித்துக்கொண்டிருந்தது. சடையன் முதுகைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"எதுக்கு ஓடணும்?" என்று போனைக் காட்டினான். "அவரு கரடிப்பாறையில இருக்காரு. காலையிலேர்ந்து அசையவே இல்ல."

பூங்காவனம் மூச்சு வாங்கியபடி பார்த்தாள். உண்மைதான். இப்போது அவர் போனே காட்டிக்கொடுத்த சிவப்புப் புள்ளி பாறை உச்சியில், மூன்று நீலப் புள்ளிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது.

புலிப் பகுதியை மறுபடி திறந்தாள். 'இன்று உங்களுக்காக' பட்டியல் எடைப்படி அடுக்கப்பட்டிருந்தது. முதலில், மாதிரி மான் ஒன்று, 999 கிலோ, ஓய்வில். அடுத்து, மாதிரி மான் இரண்டு, 999 கிலோ, ஓய்வில். மூன்றும் அப்படியே. அதற்குப் பிறகுதான் காட்டெருமை, கடமான் எல்லாம். புலிக்குப் பயப்படாத யானை ஆப்பை இறக்கவே இல்லை. கண்ணெதிரே ஆயிரத்துக்கு ஒரு கிலோ குறைவான மான் மூன்று ஓய்வெடுக்கும்போது, எந்தப் புலி நாலாவது வரியைப் படிக்கும்?

"நம்ம காட்டுல யாரு அந்த மாதிரி?" என்று கேட்டான் சடையன். "உங்க சொந்தமா?"

மாலை நான்கு மணிக்கு உதவி உயிர்பெற்றது. "மாதிரி மான்களை நீக்கிவிட்டு, மற்றச் சிக்கல்களையும் சரிசெய்யட்டுமா?"

பூங்காவனம் யோசித்தாள். எதைச் சரிசெய்தாலும் அது மறுபடி கண்ணாயிரத்திடம் போகும், அவர் ஏழு நாள் இமைக்காமல் பார்ப்பார். மாதிரி மான்களை நீக்கினால் மட்டும் இந்த நிமிடமே நீங்கிவிடும். அப்புறம் பட்டியலில் முதலில் காட்டெருமை. அடுத்து கடமான். அப்படியே இறங்கி இறங்கி ஒரு நாள் மூன்று கிலோ பூங்காவனம்.

"நீக்காதே. இன்னும் ஏழு சேர்" என்றாள்.

"அருமையான முடிவு!"

"கால் சுளுக்குன்னு போடு தங்கச்சி. காதும் கேக்காதுன்னு போடு" என்று சடையன் எடுத்துக் கொடுத்தான். இருவருமாகச் சேர்ந்து, சளி பிடித்த மான், கண்ணாடியைத் தொலைத்த மான், புலி என்றால் என்னவென்றே கேள்விப்படாத மான் என்று ஏழு மான்களை உண்டாக்கிக் கரடிப்பாறையில் ஏற்றினார்கள். பூங்காவனம் அன்று கொஞ்சம் சிரித்தாள். அக்கா போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

மாசிலாமணி பாறையேறிய ஆறாம் நாள் ஆப்பின் கீழே ஒரு கருத்து வந்தது. 'ஒரு நட்சத்திரம். மான் இல்லை. ஆறு நாளாகக் காத்திருக்கிறேன். வெயில் கடுமை. டெவலப்பர் யார்?'

ஒன்பதாம் நாள், ஈட்டி மரத்துக்குக் கிழக்கே மூன்றாவது புதருக்கு வெளியே நிழல் விழுந்தது.

பூங்காவனம் தனக்குத் தெரிந்த வித்தையைச் செய்தாள். அசையவில்லை. குட்டிகள் இரண்டையும் இலைக் குவியலுக்குள் தள்ளி மேலே உட்கார்ந்திருந்தாள்.

"டெவலப்பர் இருக்காங்களா?" என்று குரல் கேட்டது. மாசிலாமணியின் குரல்தான். ஆனால் அதில் பழைய கனம் இல்லை. இலை இடுக்கில் பார்த்தாள். விலா எலும்பு எண்ணும்படி இருந்தது. ஒரு கையில் போன்.

வேறு வழியில்லை. முகவரி அப்படியே அச்சாகியிருந்தது. "நான்தாங்க ஐயா" என்று எழுந்தாள்.

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீ மானா?"

பூங்காவனத்தின் வாய் அவளைக் கேட்காமலே பதில் சொன்னது. "இல்லீங்க ஐயா. டெவலப்பர்."

மாசிலாமணி போனைப் பார்த்தார். அவள் பெயருக்கு நேரே 'டெவலப்பர்' என்றுதான் போட்டிருந்தது. தலையாட்டிக்கொண்டார். மூக்கைச் சுருக்கி மோந்தார்.

"இங்க குட்டி வாசனை வருதே?"

அவள் இலைக் குவியலை மறைத்து நின்றாள். அவர் மறுபடி போனைப் பார்த்தார். குட்டிகளிடம் போன் கிடையாது. வரைபடத்தில் அந்தப் புதருக்குள் ஒரே ஒரு புள்ளிதான்.

"மேப்ல இல்ல" என்று பெருமூச்சு விட்டார். "பசியில மூக்கு வேல செய்யல."

அப்போது பார்த்து இலைக்குள்ளிருந்து சின்னவன் தும்மினான்.

"என்ன சத்தம்?"

"நோட்டிஃபிகேஷன் ஐயா."

"ஓ." அவர் கீழே உட்கார்ந்தார். "இதப் பாரும்மா. பத்து மான் காட்டுது. போனா ஒண்ணும் இல்ல. வெறும் பாறை. நானும் ஒம்பது நாளா நண்டு தின்னுட்டுக் கெடக்கேன். உன்னைச் சாப்பிட்டுடலாம்னுதான் கிளம்பி வந்தேன். பாதி வழியில ஒரு யோசனை வந்துச்சு. உன்னைச் சாப்பிட்டுட்டா இத யாரு சரிபண்ணுவா?"

பூங்காவனத்துக்கு வழி தெரிந்தது. "யாராலயும் முடியாதுங்க ஐயா. பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும்."

"அதான். எப்ப சரியாகும்?"

"சர்வர் பிரச்சனைங்க ஐயா. மான்லாம் இருக்கு. காட்டுற இடம்தான் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு. அடுத்த அப்டேட்ல சரியாயிடும்."

"அடுத்த அப்டேட் எப்ப?"

"ரெண்டு வாரம்."

ஒன்பது நாள் பட்டினியில் கிடந்த புலி, காடே நடுங்கும் மாசிலாமணி, அதைக் கேட்டு நன்றியோடு தலையசைத்தார். எழுந்து, பாறை இருக்கும் திசையில் நடந்தார். அவர் மறைந்ததும் பூங்காவனம் இலைகளின் மேல் சரிந்து விழுந்து வெகுநேரம் அழுதாள். குட்டிகள் அவள் முகத்தை நக்கின.

அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் அப்டேட் வந்தது. 'சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன' என்று எழுதியிருக்கும். ஒவ்வோர் அப்டேட்டிலும் மாதிரி மான்கள் வேறொரு பாறைக்குக் குடிபோயிருக்கும். ஆப்பின் நிரல் மாறாமல் மான்கள் மட்டும் இடம் மாறியதால் கண்ணாயிரம் எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் பாட்டுக்கு இமைக்காமல் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி பாறைக்குப் பாறை நடந்தார். நண்டு, தவளை, சமயத்தில் கிழங்கு. நடை நல்லது என்று அவரே ஒருநாள் கருத்து எழுதினார். 'இரண்டு நட்சத்திரம். மான் இல்லை. டெவலப்பர் மரியாதையானவர்.'

இதையெல்லாம் பார்த்துக் கொதித்தவன் ஒருவன் உண்டு. முயல் ஞானப்பிரகாசம். ஆறு மாதம் உட்கார்ந்து புரோகிராம் எழுத முறைப்படி படித்தவன். உதவியின் பக்கமே போகாதவன்.

"இது ஒரு ஆப்பா?" என்று பூங்காவனத்திடம் வந்து கேட்டான். "ஒரு வரிகூட உனக்குப் புரியாது. இருக்கற மானைக் காட்டாது. இல்லாத மானைக் காட்டும். நான் செஞ்சு காட்டறேன் பாரு. ஒரு பிழை இருக்காது."

"அண்ணே, செய்யுங்க. ஆனா ரொம்பத் துல்லியமா மட்டும் வச்சுடாதீங்க" என்றாள் அவள், உண்மையான கவலையோடு.

"துல்லியமா இல்லாட்டி அப்புறம் அது எதுக்கு?"

இரவு பகல் பாராமல் உழைத்தான் ஞானப்பிரகாசம். ஒவ்வொரு வரியையும் மூன்று முறை சோதித்தான். புலிக்கும் மானுக்கும் ஒரே வசதி வேண்டும் என்ற விதியை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடித்தான். நிபந்தனைகளில் பதினாலாவதாக, 'பயனர்கள் பிற பயனர்களை உண்ணக் கூடாது' என்றும் சேர்த்தான். கண்ணாயிரம் பார்த்த மாத்திரத்தில் ஒப்புக்கொண்டார். ஒரு விண்ணப்பத்தைப் பார்த்து அவர் இமைத்தது அதுதான் முதல் தடவை என்று சொல்கிறார்கள்.

வெளியான அன்று காலை ஆப்பில் ஒரே ஒரு நீலப் புள்ளிதான் இருந்தது. அது ஞானப்பிரகாசம். பத்து மணிக்கு ஒரு சிவப்புப் புள்ளி இணைந்தது. அது நிபந்தனைகளைப் படிக்காமல் 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தியது. பிறகு நேர்கோட்டில் நகர்ந்தது. வழி தவறவில்லை, எங்கும் தயங்கவில்லை, ஒன்றரை அடிகூடப் பிசகவில்லை. பத்தேகாலுக்கு நீலப் புள்ளி மறைந்தது.

சடையன் ஓடி வந்து சொன்னபோது பூங்காவனம் நம்பவில்லை. அந்த ஆப்பின் பக்கத்தைத் திறந்தாள். ஒரே ஒரு கருத்து இருந்தது.

'ஐந்து நட்சத்திரம். மிகத் துல்லியம். சொன்ன இடத்தில் சொன்ன எடை. ஆனால் அதற்குப் பிறகு புதிதாக ஒன்றும் காட்டவில்லை. டெவலப்பருக்கு எழுதினேன், பதில் இல்லை. பழைய ஆப்புக்கே திரும்புகிறேன்.'

பூங்காவனம் போனைத் தரையில் வைத்துவிட்டு ஞானப்பிரகாசத்துக்காகக் கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றாள். நல்ல பிள்ளை. வேலை சுத்தம். போன் மறுபடி அதிர்ந்தது. மாசிலாமணிதான் எழுதியிருந்தார்: 'அம்மா, மாதிரி மான் நான்கு இன்று எந்தப் பாறை?'

கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் எழுதினாள்: 'வணக்கம் ஐயா. உங்கள் பொறுமைக்கு நன்றி.'

நீதி (பதிப்பு 1.0.7, சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன): பிழையே இல்லாமல் செய்து கொடுப்பவரை உலகம் ஒரே வாயில் பாராட்டிவிடும். நீண்ட நாள் வாழ விரும்புகிறவர்கள், அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் என்று சொல்லிப் பழகவும்.